‘எங்கள் மென்பொருள்’ என்று எழுதியவருக்கு

காணி, அளவை, எல்லை பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, முப்பத்தெட்டு ஆண்டுகள் மலையேறி அளந்து ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவர் பதில் சொல்லும் பகுதி.

கேள்வி: நில அளவையாளர் ஒருவரிடம் உதவியாளராக வேலை செய்கிறேன். கூகுள் எர்த் புரோ என்ற செய்மதிப் பட மென்பொருள் இல்லாமல் எங்கள் அலுவலகத்தில் ஒரு வேலையும் ஓடாது. காணியைத் தேடுவது, போகும் பாதையைப் பார்ப்பது, வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளருக்கு எல்லையைக் காட்டுவது எல்லாம் எங்கள் மென்பொருளில்தான். இலவசமாகக் கிடைப்பதால் இதை என்றைக்காவது நிறுத்திவிடுவார்கள் என்று ஒருவர் சொன்னதிலிருந்து கவலையாக இருக்கிறது. நிறுத்தினால் எங்கள் மென்பொருளுக்கு மாற்று என்ன? ஆறு வருடமாகச் சேர்த்த அடையாளங்கள் என்ன ஆகும்?
— ஹட்டன் வாசகர்

பதில்: தம்பி, ஒரே கடிதத்தில் ‘எங்கள் மென்பொருள்’ என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்த ‘எங்கள்’ மட்டும் தவறு. மற்றதெல்லாம் நியாயமான கவலை.

கீஹோல் என்ற சிறிய நிறுவனத்தை 2004இல் கூகுள் வாங்கி, 2005 ஜூனில் கூகுள் எர்த்தாக வெளியிட்டது. புரோ என்ற பதிப்புக்கு அப்போது ஆண்டுக்கு 399 டொலர். என் போன்றவர்கள் அந்த விலையைப் பார்த்துவிட்டு ஜன்னலை மூடிவிட்டோம். 2015 ஜனவரியில் அதையே இலவசமாக்கினார்கள். நம்மைக் கேட்டுக் கொடுக்கவில்லை. எடுப்பதானாலும் நம்மைக் கேட்கப்போவதில்லை. ஏற்கெனவே எடுத்தும் இருக்கிறார்கள். எர்த் பிளஸ் என்ற பதிப்பு 2008இன் இறுதியில் போனது. ஊர்ப் படங்களைச் சேர்த்து வைத்த பனோரமியோ 2016இல், பாதைகளை நாமே வரைந்த மேப் மேக்கர் 2017இல், தரவு அட்டவணைகளைப் படத்தில் வைத்துப் பார்த்த ஃபியூஷன் டேபிள்ஸ் 2019இல். இதற்காகத் திட்டி எழுதச் சொல்லாதீர்கள். மரநிழலில் கடை போட்டு இத்தனை வருடம் வியாபாரம் செய்தோம். மரத்துக்கு வாடகை கொடுத்தது கிடையாது.

அந்த நிழல் நல்ல நிழல் என்பதையும் மறைக்க மாட்டேன். நான் தொழிலுக்கு வந்த காலத்தில் மலைநாட்டில் அளப்பது என்பது பாதிக்கு மேல் நடப்பது. அறுபத்தாறு அடிச் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு, காலில் அட்டைக்குச் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு இரண்டு மைல் ஏறிய பிறகு, நடுவில் ஓடை இருக்கிறது, அந்தப் பக்கத்து ரோட்டில் வந்திருக்க வேண்டும் என்று தெரியவரும். கங்காணியிடம் கேட்டால், “அப்படி வந்தால் வராதுதான்” என்பார். இன்று வீட்டில் தேநீர் குடித்தபடியே எந்த மலைக்கு எந்த ரோட்டில் லொறி போகும், எந்த லயத்துக்குப் பின்னால் கான் இறங்குகிறது என்று பார்த்துவிடலாம். ரொறன்ரோவில் இருப்பவருக்குத் தன் காணி எது என்று தொலைபேசியில் விளக்கி நான் பட்ட பாட்டை நீங்கள் பட்டதில்லை. பயன்படுத்துங்கள். தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

ஆனால் அந்த ஆறு வருட அடையாளங்கள் எங்கே இருக்கின்றன என்று ஒரு நாளாவது தேடிப் பார்த்தீர்களா?

நான் தேடவில்லை. 2019இல் என் கணினி படுத்துக்கொண்டது. பக்கத்து நகரத்தில் ஒரு கடையில் கொடுத்தேன். நல்ல பையன். எல்லாவற்றையும் துடைத்து, புதிய விண்டோஸ் போட்டு, கேட்காமலே கூகுள் எர்த்தையும் நிறுவித் தந்தான். வீட்டில் வந்து திறந்தேன். உலகம் சுற்றியது. நான் குத்திவைத்த இட அடையாள ஊசிகளில் ஒன்றும் இல்லை. பதினொரு ஆண்டு மஞ்சள் ஊசிகள்! எல்லைக் கல் கண்ட இடம், கல் காணாத இடம், சண்டைக்காரர் வீடு, நாய் இருக்கும் வாசல், எல்லாம். இத்தனைக்கும் மென்பொருளை யாரும் நிறுத்தவில்லை. அது நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தப்படும் நாளை எண்ணிப் பயப்படும் நீங்கள் முதலில் பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

‘மை பிளேசஸ்’ என்ற தலைப்பின் கீழ் நீங்கள் வைப்பதெல்லாம் உங்கள் கணினியிலேயே ‘மைபிளேசஸ்’ என்ற பெயரில் ஒற்றை கேஎம்எல் கோப்பாகத்தான் (இட அடையாளங்களை எழுதிவைக்கும் கோப்பு வகை அது) இருக்கிறது. விண்டோஸ் கணினி என்றால் உங்கள் பயனர் கோப்புறையில் ஆப்டேட்டா, அதற்குள் லோக்கல்லோ, அதற்குள் கூகுள், அதற்குள் கூகுள் எர்த் என்று இறங்கிப் போங்கள். ஆப்டேட்டா வழக்கமாக மறைந்திருக்கும். மறைந்த கோப்புறைகளைக் காட்டச் சொன்னால் தெரியும். இன்றே பிரதி எடுங்கள். ஒவ்வொரு வேலையையும் தனித்தனிக் கோப்பாக, உங்கள் பிளான் இலக்கத்தையே பெயராக வைத்துச் சேமியுங்கள். ஒரு பிரதி அலுவலகத்தில், ஒரு பிரதி வேறு கூரையின் கீழ்.

கேஎம்எல் கீஹோலில் பிறந்து கூகுளோடு வளர்ந்தது என்றாலும் 2008 ஏப்ரலிலேயே அது சர்வதேசப் புவிவெளித் தரமாக ஏற்கப்பட்டுவிட்டது. வேறு எத்தனையோ மென்பொருள்கள் அதைப் படிக்கும். ஒன்றும் இல்லாவிட்டால் சாதாரண நோட்பேடில் திறந்தாலும் எண்கள் தெரியும். ஒரு எச்சரிக்கை: நாம் அகலாங்கை முதலில் சொல்லிப் பழகியவர்கள், அந்தக் கோப்பில் நெட்டாங்குதான் முதலில். கையால் எழுதும்போது 80.6ஐயும் 6.9ஐயும் மாற்றிப் போட்டால், ஹட்டன் பஸ் நிலையம் வட துருவத்துப் பக்கம் பனிக்கடலில் போய் நிற்கும். நான் ஒருமுறை நிறுத்தியிருக்கிறேன்.

மாற்று என்ன என்றீர்கள். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள். 2002இல் கேரி ஷெர்மன் என்பவர் தொடங்கியது. மூல நிரலே பொதுவில் இருக்கிறது. யாரும் எடுத்துத் திருத்தலாம், பகிரலாம். ஆகவே ஒரு நிறுவனம் ஒரு காலையில் கூடிக் கதவைச் சாத்திவிட முடியாது. எர்த் போல நிறுவியவுடன் பூகோளம் சுழன்று வரவேற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். வெள்ளைத் திரை வரும். முதல் வாரம் என்னைத் திட்டுவீர்கள். இரண்டாம் வாரம், பழைய பிளானை ஸ்கேன் செய்து நாலு கல்லில் பொருத்தி அதன் மேல் புதிய அளவை வைத்துப் பார்க்கும்போது திட்டுவது நிற்கும். எர்த்தில் நீங்கள் செய்வது காணியைப் பார்ப்பது. இதில் செய்வது கிட்டத்தட்ட நம் தொழில்.

கேஎம்எல் கோப்பில் எடுத்துவைக்க முடியாத ஒன்றும் இருக்கிறது: அந்தப் பழைய படங்கள். எர்த்தில் மணிக்கூடு போன்ற ஒரு குறி இருக்கிறதே, பின்னோக்கி இழுத்தால் முந்திய ஆண்டுகளின் படம் வருமே, அதைச் சொல்கிறேன். 1969இல் மவுசாகலை நீர்த்தேக்கம் வந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனது. கடும் வறட்சியில் நீர் இறங்கினால் பழைய கோயில் தலைகாட்டும். ஊரே போய்ப் பார்த்துவிட்டு வரும். நீர்த்தேக்கக் கரையில் ஒரு காணி அளக்கப் போனபோது பழைய பிளானில் ஒரு ரோடு இருந்தது, தரையில் இல்லை. படங்களைப் பின்னோக்கி இழுத்தேன். நீர் வற்றிய ஒரு மாதத்துப் படத்தில் அந்த ரோடு சேற்றில் கோடு போட்டதுபோல் கிடந்தது. அதன் வளைவை வைத்துத்தான் கரையில் புதைந்திருந்த கல்லைத் தோண்டினோம். அந்தப் படம் என்னுடையதல்ல. எந்தக் கேஎம்எல்லிலும் அது வராது. கோப்பு உங்கள் ஊசியை வைத்திருக்கும், தரையை வைத்திருக்காது.

ஆகவே நடக்கும் வேலைக்குத் தேவையான பழைய படம் ஏதும் கண்ணில் பட்டால் அப்போதே உயர்ந்த தெளிவில் படமாகச் சேமியுங்கள்.  படம் எடுத்த திகதி, நான்கு மூலைகளின் ஆள்கூறு இரண்டையும் கூடவே எழுதிவையுங்கள். திகதியில்லாத வான்படம் தாயத்துக்குத்தான் உதவும். ஐரோப்பியர்களின் சென்டினல்-2 படங்கள் 2015 முதல் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் அதில் ஒரு புள்ளி என்பது பத்து மீட்டர். ஒரு முழு லயமே நாலைந்து புள்ளிதான். மண்சரிவின் வடுவைப் பார்க்கலாம், வேலியைப் பார்க்க முடியாது.

கேள்வி: கூகுள் எர்த் புரோவின் நிறுவல் கோப்பைப் பென்டிரைவில் போட்டு வைத்திருக்கிறேன். நிறுத்தினாலும் எனக்குக் கவலையில்லைதானே?
— தலவாக்கலை வாசகர்

பதில்: பீலிக் குழாயைக் கழற்றி வீட்டில் பத்திரமாக வைத்துக்கொண்டால் தண்ணீர் வருமா? நிரல்தான் உங்களிடம். படமெல்லாம் அவர்களுடைய வழங்கியிலிருந்து வருகிறது.

கேள்வி: நில அளவை படிக்கும் மாணவி. எங்கள் தோட்டத்தின் பழைய படத்திலிருந்த ஆள்கூறுகளை அகலாங்கு, நெட்டாங்காக மாற்றிக் கூகுள் எர்த்தில் போட்டேன். எங்கள் மாரியம்மன் கோயில் ஓடையைத் தாண்டி அடுத்த தோட்டத்தில் போய் விழுகிறது. படம் பிழையா, கூகுள் பிழையா?
— பண்டாரவளை வாசகி

பதில்: மகளே, இரண்டுமே சரி. அம்மனும் நகரவில்லை. நீங்கள் மாற்றியது பாதி மாற்றம்.

நம் பழைய படங்கள் கந்தவளை ஆதாரத்தில், அதாவது அந்த இடத்தை அடிப்படையாகக் கொண்ட கணக்கில், வரையப்பட்டவை. நீர்கொழும்புப் பக்கத்து அளவைப் புள்ளி ஒன்றின் பெயர் அது. இந்தியாவை அளந்த எவரெஸ்ட் 1830இல் கணித்த பூமி உருவத்தின் மீது அந்தக் கணக்கு நிற்கிறது. (சிகரத்துக்குப் பெயர் வைத்தார்களே, அவர்தான்.) கூகுள் பயன்படுத்துவது செய்மதிகளின் டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறு ஆதாரம். ஒரு ஆதாரத்தின் அகலாங்கு, நெட்டாங்கை மற்றதில் அப்படியே போட்டால் நம் நாட்டில் புள்ளி இருநூறு மீட்டருக்குச் சற்று மேல், பெரும்பாலும் மேற்குப் பக்கமாக விலகும். உங்கள் கோயில் ஓடையின் மேற்குக் கரையில்தானே விழுந்தது?

கையில் இருக்கும் படம் எந்தக் காலத்து வலையமைப்பு (ஆள்கூறு எண்களின் கட்டம்) என்று கண்டுபிடிக்க மலைநாட்டவருக்கு ஒரு வசதி உண்டு. இலங்கை வலையமைப்பின் நடுப்புள்ளி நம் பிதுருதலாகலை. பழைய முறையில் அந்த மலைக்குக் கிழக்கு 200,000, வடக்கு 200,000 என்று எண் கொடுத்தார்கள். 1999இல் வந்த முறையில் இரண்டும் 500,000. மலையைச் சுற்றி இருப்பவர்களின் எண்கள் எல்லாம் இவற்றை ஒட்டியே இருக்கும். பண்டாரவளைக் கல் ஒன்றின் கிழக்கு எண் 224,000 அளவில் இருந்தால் பழையது, 524,000 அளவில் இருந்தால் புதியது. கியூஜிஐஎஸ்ஸில் பழையதற்கு 5234, புதியதற்கு 5235 என்ற குறியீட்டு எண்ணைக் கொடுத்தால் மாற்றத்தை அது பார்த்துக்கொள்ளும். பரீட்சைக்கு மட்டும் கையால் செய்து பழகுங்கள்.

கேள்வி: எங்களுக்கு ஏழு பேர்ச்சஸ் காணியில் வீடு கிடைத்திருக்கிறது. மகன் தொலைபேசியில் ஒரு செயலியைப் போட்டுக்கொண்டு நாலு மூலையையும் சுற்றி நடந்தான். ஆறு பேர்ச்சஸ்தான் காட்டுகிறது. பக்கத்து வீட்டார் ஒரு பேர்ச்சஸ் எடுத்துக்கொண்டார்கள் என்று வீட்டில் தினமும் சண்டை. என்ன செய்வது?
— பொகவந்தலாவை வாசகி

பதில்: அம்மா, முதலில் சண்டையை நிறுத்துங்கள். பக்கத்து வீட்டார் எடுத்திருக்கலாம், எடுக்காமலும் இருக்கலாம். தொலைபேசிக்கு அது தெரியாது.

ஒரு பேர்ச்சஸ் என்பது 25.29 சதுர மீட்டர். ஏழு என்றால் 177. சதுரமான துண்டு என்று வைத்துக்கொண்டால் ஒரு பக்கம் 13.3 மீட்டர். அதில் ஒவ்வொரு பக்கமும் ஒரே ஒரு மீட்டர் குறைந்து 12.3 என்று பதிந்தால் போதும், கணக்கு ஆறு பேர்ச்சஸுக்கு வந்துவிடும். திறந்த வெளியில் நின்றாலே தொலைபேசி சில மீட்டர் தவறும். உங்கள் ஊரில் ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் சவுக்கு மரம், மேலே மழை முகில். மகன் நாளைக்கு மீண்டும் நடந்தால் எட்டு பேர்ச்சஸ் காட்டும்; அன்றைக்குப் பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருவார்கள்.

நாடாவால் அளந்து பார்ப்போம் என்று யாராவது சொல்வார்கள். அதிலும் கவனம் வேண்டும். பிளானில் உள்ள அளவு மட்டமாக எடுத்த அளவு. நாடாவைச் சரிவில் படுக்கவைத்தால் கூடுதலாக வரும். இருபது பாகைச் சரிவில் 13.3 மீட்டர் என்பது நாடாவில் 14.15 ஆகிவிடும். சங்கிலிக் காலத்தில் நாங்கள் கயிற்றை மட்டமாகப் பிடித்து, படிப்படியாக இறங்கி அளந்தது இதற்காகத்தான்.

காணி பிரித்த பிளானின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். அதில் மூலைக் கற்கள் இருக்கும். புல்லை வெட்டிவிட்டு இரண்டு வீட்டாரும் சேர்ந்தே கற்களைத் தேடுங்கள். நாலும் கிடைத்தால் சண்டை இல்லை. ஒன்று குறைந்தால் பதிவுபெற்ற, அந்த ஆண்டுக்கான உரிமம் உள்ள நில அளவையாளரைக் கூப்பிடுங்கள். 2002ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க அளவைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. செலவை இரண்டு வீட்டாரும் பாதி பாதியாகப் போட்டுக்கொண்டால் முடிவை இருவரும் ஏற்பார்கள் என்பது என் அனுபவம். ஒருவர் மட்டும் பணம் கொடுத்தால் மற்றவர், “அவன் கூட்டி வந்த சர்வேயர்” என்பார்.

கேள்வி: வீடு கட்ட வாங்கப்போகும் காணியின் சரிவை எர்த்தில் கோடு போட்டுப் பார்த்தேன். மிதமான சரிவுதான். தைரியமாக வாங்கலாமா?
— அப்புத்தளை வாசகர்

பதில்: வேண்டாம். இம்மாதிரி இலவச உயரத் தரவுகளுக்கு அடித்தளமாக இருப்பது 2000 பெப்ரவரியில் ஒரு விண்கலம் பதினொரு நாட்களில் ராடாரால் எடுத்த அளவை. கிட்டத்தட்ட முப்பது மீட்டருக்கு ஒரு புள்ளி. உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருபதடி மண்மேடு செங்குத்தாக நின்றால், அது இரண்டு புள்ளிக்கு நடுவில் காணாமல் போய் மிதமான சரிவாகத் தெரியும். மரம் அடர்ந்த இடத்தில் ராடார் தொட்டது மண்ணை அல்ல, இலையை.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை நாம் மறக்கவில்லை. அங்கிருந்து அப்புத்தளை எவ்வளவு தூரம்? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வலயப் படத்தில் உங்கள் காணி எங்கே விழுகிறது என்று முதலில் பாருங்கள். பிறகு மழை பெய்யும் நாளில் போய் நின்று, தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று பாருங்கள். விற்பவர் வெயில் நாளில்தான் கூட்டிப் போவார்.

கேள்வி: அப்பா நில அளவையாளராக இருந்து சென்ற ஆண்டு காலமானார். ஒரு அலுமாரி நிறைய அவருடைய களப் புத்தகங்கள் இருக்கின்றன. கடைசி சில வருட வேலைகள் மட்டும் கணினியில். அதன் கடவுச்சொல் எங்களுக்குத் தெரியாது. புத்தகங்களைப் பழைய பேப்பர்காரருக்குப் போடலாம் என்கிறார் அண்ணன்.
— கண்டி வாசகி

பதில்: அண்ணனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள், தங்கச்சி. உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது பாருங்கள்: பூட்டு விழுந்தது கணினிக்கு. அலுமாரியை நீங்கள் திறந்துவிட்டீர்கள்.

களப் புத்தகத்தில் இருப்பது படம் அல்ல. படம் எப்படி வந்தது என்ற கணக்கு. இந்தக் கல்லிலிருந்து அந்தக் கல்லுக்கு இத்தனை இணைப்பு (சங்கிலியின் கண்ணி), வழியில் இத்தனையாவது இணைப்பில் பலாமரம், இடது பக்கம் கிணறு. மரம் விழுந்திருக்கும், கிணற்றை மூடியிருப்பார்கள். ஆனாலும் ஒரு கல் கிடைத்தால் மற்ற மூன்றையும் அந்த எண்களிலிருந்து மீட்கலாம். ஒரு பிளான் தொலைந்து, நொத்தாரிசு கையை விரித்து, அண்ணன் தம்பிகள் பேசாமல் போன ஒரு குடும்பத்துக்கு அப்படி நானே மீட்டுக் கொடுத்திருக்கிறேன். இன்னொரு சர்வேயர் பென்சிலால் எழுதி வைத்த புத்தகத்திலிருந்துதான்.

புத்தகங்களை வெளியே எடுத்து நிழலில் காயவையுங்கள், வெயிலில் வேண்டாம். பிளான் இலக்கம், ஆண்டு, ஊர் மூன்றையும் ஒரு கொப்பியில் பட்டியலிடுங்கள். பிறகு உங்கள் பகுதியில் தொழில் செய்யும், நீங்கள் நம்பும் ஒரு நில அளவையாளரிடம் எழுத்தில் பெற்றுக்கொண்டு ஒப்படையுங்கள். கணினியையும் தூக்கிப் போடாதீர்கள். கடவுச்சொல் தெரியாவிட்டாலும் அதன் வன்தட்டைக் கழற்றி வேறு கணினியில் இணைத்தால், குறியாக்கம் செய்யப்படாதிருந்தால் கோப்புகளைப் படிக்கலாம். கடைக்காரரிடம் கொடுக்கும்போது, “துடைக்க வேண்டாம்” என்று ஒரு தாளில் பெரிதாக எழுதி மேலே ஒட்டிவிடுங்கள். நான் ஒட்டவில்லை.